அமெரிக்கக் கல்லூரி கோல்ஃப் கோச் என்னதான் செய்கிறார்? மைக் ஹோல்டரை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "அமெரிக்கக் கல்லூரிகளில் கோல்ஃப் கோச் என்பது முழுநேர வேலையாம். பையன்கள் சேரும்போதே பிரமாதமாக ஆடுகிறார்கள், ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் விதத்தை, பார்த்துக்கொள்ள ஊரில் தனி ஆசிரியரும் இருக்கிறார். அப்படியானால் கோச்சுக்கு என்ன வேலை? இந்தத் தொழிலில் பெரிய அளவில் ஜெயித்த ஒருவரின் வாழ்க்கை எப்படி இருந்தது?"

ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோச்சாக எட்டு தேசியப் பட்டங்கள் வாங்கிய மைக் ஹோல்டரை வைத்துப் பதில் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கோச்சின் வேலை முழுவதும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. கல்லூரிப் போட்டியில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். கோல்ஃபில் ஸ்கோர் என்பது ஒரு சுற்றில் அடித்த அடிகளின் (ஸ்ட்ரோக்) எண்ணிக்கை, குறைவாக இருந்தால்தான் நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஐவரில் மோசமான ஸ்கோரைத் தள்ளிவிட்டு மீதி நான்கையும் கூட்டுவார்கள். 67, 70, 72, 74, 81 என்று அடித்திருந்தால் 81 போய்விடும், அணியின் ஸ்கோர் 283. இதில் 67 அடித்தவனைப் பற்றித்தான் பத்திரிகையில் வரும். ஆனால் அன்றைக்கு அணியைக் காப்பாற்றியது 74 அடித்த பையன். அவனும் 80 அடித்திருந்தால் ஆறு ஸ்ட்ரோக் போயிருக்கும், முதல் ஆள் என்ன ஆடியும் அதை ஈடுகட்ட முடியாது.

இப்போது கோச்சின் இடத்திலிருந்து யோசியுங்கள். சுற்றுக்கு சராசரியாக 70 அடிக்கும் ஒருவனை 67க்குக் கொண்டுவருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அது உலகத் தரம். 76 அடிக்கும் நான்காவது பையனை 73க்குக் கொண்டுவருவது நடக்கக்கூடியது. நான்கு சுற்றுக்கு அதுவே பன்னிரண்டு ஸ்ட்ரோக். தேசியப் பட்டங்கள் ஒன்றிரண்டு ஸ்ட்ரோக்கில் கைமாறும் விளையாட்டு இது. வெற்றி பெற்ற கல்லூரி கோச்சுகள் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் இந்த நான்காவது, ஐந்தாவது ஆளை உருவாக்கத் தெரிந்தவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு டைகர் வுட்ஸை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1994இல் தேசிய அணிப் பட்டத்தை வென்றது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் டைகர் அங்கே சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் ஆடினார், 1996இல் தனிநபர் பட்டத்தை வென்றார், உடனே தொழில்முறைக்குப் போய்விட்டார். அவர் இருந்த அந்த இரண்டு ஆண்டும் ஸ்டான்ஃபோர்டுக்கு அணிப் பட்டம் கிடைக்கவில்லை. 1995இல் அதைத் தட்டிப் பறித்தவர்தான் நான் சொல்ல வரும் மைக் ஹோல்டர்.

ஹோல்டர் ஓக்லஹோமா மாநிலத்தில் வளர்ந்தவர். ஸ்டில்வாட்டர் என்ற சிறிய ஊரில் உள்ள ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே கோல்ஃப் அணியில் ஆடினார். அவருடைய கோச் லாப்ரன் ஹாரிஸ். 1940களிலிருந்து 1973 வரை அந்த அணியைக் கட்டி வளர்த்து, 1963இல் அதன் முதல் தேசியப் பட்டத்தையும் வாங்கித் தந்தவர். ஹாரிஸ் ஓய்வு பெற்றபோது பொறுப்பு ஹோல்டரிடம் வந்தது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் இருக்கும். தான் ஆடிய அணிக்கே, தனக்குச் சொல்லிக் கொடுத்தவரின் நாற்காலிக்கே வந்து உட்கார்ந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுந்திருக்கவில்லை.

அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் எட்டு தேசியப் பட்டங்கள்: 1976, 1978, 1980, 1983, 1987, 1991, 1995, 2000. கான்ஃபரன்ஸ் பட்டங்கள், அதாவது சில கல்லூரிகள் சேர்ந்த குழுவுக்குள் நடக்கும் போட்டியின் பட்டங்கள், இருபத்தைந்து. இந்தத் தேசியப் பட்ட ஆண்டுகளை நிதானமாகப் பாருங்கள். கல்லூரி அணி என்பது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முழுசாக மாறிவிடும். ஒரு நல்ல தலைமுறை கிடைத்தால் யாரும் ஒன்றோ இரண்டோ பட்டம் வாங்கலாம். 1976இல் ஜெயித்த பையன்களுக்கும் 2000இல் ஜெயித்த பையன்களுக்கும் இடையே ஆறு முழுத் தலைமுறை மாணவர்கள் வந்து போயிருக்கிறார்கள். மாறாமல் இருந்தது கோச் ஒருவர்தான்.

எப்படிச் செய்தார் என்றால், முதல் பதில் அணிக்குள்ளேயே நடக்கும் போட்டி. வெளியாருக்கு இது தெரிவதில்லை. கல்லூரி அணியில் எட்டு முதல் பத்துப் பேர் இருப்பார்கள், வெளியூர்ப் போட்டிக்குப் போவது ஐந்து பேர்தான். யார் போவது என்பதை அதற்கு முந்தைய வாரம் அணிக்குள்ளேயே நடக்கும் தகுதிச் சுற்றுகள் முடிவு செய்யும். ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிடும் பையன்கள் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க ஆடுவார்கள். ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நடுவே ஒரே ஒரு அடிதான் வித்தியாசம் இருக்கும். ஐந்தாமவன் விமானம் ஏறுவான், ஆறாமவன் வகுப்புக்குப் போவான். ஊரிலேயே முதல் ஆளாக இருந்து, கோப்பைகள் அடுக்கிவைத்த வீட்டிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு இது பெரிய அடி. கோச் அந்த ஆறாமவனை அடுத்த திங்கட்கிழமை எப்படி மைதானத்துக்குக் கொண்டுவருகிறார் என்பதில்தான் அடுத்த ஆண்டு அணி இருக்கிறது.

ஹோல்டர் கண்டிப்புக்குப் பெயர் போனவர். ஸ்டில்வாட்டர் பக்கம் காற்று சும்மா விடாது, சமவெளியில் தடையில்லாமல் அடிக்கும். குளிர்காலம் கடுமையாக இருக்கும். கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் ஆண்டு முழுவதும் வெயிலில் ஆடுகிறவர்களோடு போட்டி போட வேண்டிய ஊர் இது. அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்காமல், காற்றில் தாழப் பந்து அடிக்கத் தெரிந்த, அசௌகரியத்துக்கு அஞ்சாத ஆட்டக்காரர்களை உருவாக்குவதுதான் அங்கத்திய வழக்கமாக ஆனது. இந்தக் கண்டிப்பு எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்கு அதே பாணியில் ஒருவர் நடந்தால் பாதிப் பையன்கள் வேறு கல்லூரிக்கு மாறிவிடுவார்கள், இப்போது மாறுவது எளிதாகவும் ஆகிவிட்டது. ஆனால் அங்கிருந்து வந்தவர்களின் பட்டியல் வலுவானது.

ஸ்காட் வெர்ப்ளாங்க் அதில் ஒருவர். சிறுவயதிலிருந்தே நீரிழிவு நோயோடு ஆடியவர். 1984இல் அமெரிக்க அமெச்சூர் (தொழில்முறை அல்லாதவர்களுக்கான) பட்டம். அடுத்த ஆண்டு, இன்னும் கல்லூரி மாணவராக இருக்கும்போதே, வெஸ்டர்ன் ஓப்பன் என்ற பிஜிஏ டூர் போட்டியைத் தொழில்முறை ஆட்டக்காரர்களை வீழ்த்தி ஜெயித்தார். 1956க்குப் பிறகு ஓர் அமெச்சூர் அப்படி ஜெயித்தது அதுதான் முதல் முறை. அப்படி ஜெயித்தும் கல்லூரிக்குத் திரும்பி வந்து, 1986இல் கல்லூரிகளின் தனிநபர் பட்டத்தையும் எடுத்தார். அதே 1986இல், ஹோல்டரின் இன்னொரு மாணவரான பாப் ட்வே பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் மணல் பங்கருக்குள் நின்றுகொண்டு அடித்த பந்து நேரே குழிக்குள் போனது. எதிரே நின்றவர் அன்றைய முன்னணி ஆட்டக்காரர் கிரெக் நார்மன். அந்த ஒரு அடி இன்றுவரை திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. சார்லஸ் ஹவெல் 2000ஆம் ஆண்டு 23 அண்டர் பார் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளைவிட 23 குறைவு) அடித்துத் தனிநபர் பட்டம் வென்றார். மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டி நடக்கும் அகஸ்டாவில் பிறந்து வளர்ந்த பையன், படிக்க ஸ்டில்வாட்டருக்கு வந்திருந்தார். நல்ல பையன்களைத் தேடிப் பிடிப்பதும் கோச்சின் வேலைதான். கோடை முழுவதும் ஜூனியர் போட்டிகளில் கயிற்றுக்கு வெளியே நடந்துகொண்டிருப்பார்கள். ஸ்விங் அழகு தூரத்திலேயே தெரிந்துவிடும். அவர்கள் பார்ப்பது ஒரு குழியில் இரட்டை போகி போட்ட பிறகு, அதாவது நிர்ணயித்ததைவிட இரண்டு அடி கூடுதலாக அடித்த பிறகு, அடுத்த குழியின் தொடக்க இடத்துக்கு அந்தப் பையன் எப்படி நடந்து போகிறான் என்பதை.

இனி 1995. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் ஸ்கார்லெட் மைதானம். ஸ்டான்ஃபோர்டு முந்தைய ஆண்டுச் சாம்பியன். அந்த அணியின் நோட்டா பிகே, கேசி மார்ட்டின் முதலான மூத்தவர்களோடு இப்போது டைகரும் சேர்ந்திருந்தார். காகிதத்தில் பார்த்தால் தோற்கவே முடியாத அணி. ஓக்லஹோமா ஸ்டேட்டில் டிரிப் கூனி, ஆலன் பிராட்டன், கிறிஸ் டிட்லண்ட், கிறிஸ் காக்ஸ், லேஃப் வெஸ்டர்பெர்க். இதில் கூனிக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. முந்தைய ஆண்டு அமெரிக்க அமெச்சூர் இறுதிப் போட்டியில் பதின்மூன்று குழி முடிந்தபோது டைகரைவிட ஆறு குழி முன்னால் இருந்தவர், கடைசியில் தோற்றவர். நான்கு சுற்றுகள் முடிந்தபோது இரு அணிகளும் சமம். கல்லூரி கோல்ஃப் வரலாற்றில் அணிப் பட்டம் பிளே-ஆஃபுக்கு, அதாவது சமனை உடைக்கும் கூடுதல் ஆட்டத்துக்கு, போனது அதுவே முதல் தடவை. ஹோல்டரின் பையன்கள் ஜெயித்தார்கள். உலகத்தின் மிகச் சிறந்த அமெச்சூர் எதிர் அணியில் இருந்தும் இது நடந்தது, ஏனென்றால் அவருடைய ஸ்கோரும் நான்கில் ஒன்றுதான். ஐந்து ஆண்டு கழித்து ஜார்ஜியா டெக்கோடு இன்னொரு பிளே-ஆஃப் வந்தது, அதிலும் ஜெயம்.

பட்டங்களைவிட நீண்ட நாள் நிற்கப்போகிற இன்னொன்றையும் ஹோல்டர் செய்தார்: கார்ஸ்டன் கிரீக். அணிக்கென்று சொந்தமாக ஒரு மைதானம் வேண்டும் என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக நிதி திரட்டினார். புரோ-ஆம் போட்டிகள் வைப்பார். நன்கொடை தருகிறவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஒரு நாள் ஆடலாம். பழைய மாணவர்களிலேயே டூரில் ஆடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது ஆட்களுக்கா பஞ்சம்? பிங் கோல்ஃப் மட்டைகளை உருவாக்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் பெரிய அளவில் உதவினார், மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். டாம் ஃபாசியோ வடிவமைத்து 1994இல் திறந்தார்கள். குட்டையான ஓக் மரங்கள் நெருக்கமாக நிற்கும் காட்டை வெட்டிப் போட்ட மைதானம். நேராக அடிக்காதவனுக்கு அங்கே பந்து கிடைக்காது. தினமும் அங்கே பயிற்சி எடுக்கிற பையனுக்கு வெளியூர் மைதானம் அகலமாகத் தெரியும். 2003, 2011, 2018 ஆண்டுகளில் தேசியப் போட்டியே அங்கே நடந்தது. 2003இல் சொந்த மண்ணில் பட்டம் கிளெம்சனுக்குப் போனது. ஹோல்டர் கோச்சாக இருந்தபோது கார்ஸ்டன் கிரீக்கில் நடந்த ஒரே தேசியப் போட்டி அது.

இப்படி நிதி திரட்டத் தெரிந்தவரை 2005இல் பல்கலைக்கழகம் மொத்த விளையாட்டுத் துறைக்கும் இயக்குநர் ஆக்கியது. கோல்ஃப் கோச் ஒருவர் ஃபுட்பால், பாஸ்கெட்பால் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்காருவது அபூர்வம். அவர் வந்த கொஞ்ச மாதத்தில் எண்ணெய்த் தொழிலதிபர் பூன் பிக்கன்ஸ் 165 மில்லியன் டாலர் கொடுத்தார். பிக்கன்ஸ் அதே கல்லூரியின் பழைய மாணவர், ஹோல்டருக்கு நெருங்கிய நண்பர். ஒரு கல்லூரி விளையாட்டுத் துறைக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்தப் பணத்தை பிக்கன்ஸின் சொந்த முதலீட்டு நிதியிலேயே போட்டது பற்றி விமர்சனம் எழுந்தது, 2008 சரிவில் நஷ்டமும் வந்தது. அந்த விமர்சனம் நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். 2021 வரை ஹோல்டர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஹோல்டருக்கு முன்னால் இந்தத் தொழிலுக்கே உருவம் கொடுத்தவர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவ் வில்லியம்ஸ். அவரைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் முடியாது. அவர் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் சொல்லிக்கொடுத்தவர். 1950களின் தொடக்கத்தில் அணியை எடுத்துக்கொண்டார், 1987 வரை இருந்தார். பதினாறு தேசியப் பட்டங்கள். 1956 முதல் 1970 வரையான பதினைந்து ஆண்டுகளில் மட்டும் பன்னிரண்டு. அதற்கு முன் கல்லூரி கோல்ஃப் பெரும்பாலும் இரண்டு கல்லூரிகள் ஒரு மதியம் சந்தித்து ஆடிவிட்டுப் போகிற விஷயமாக இருந்தது. பல கல்லூரிகளை ஒரே இடத்துக்கு வரவழைத்துப் பல சுற்று ஆடவைக்கும் பெரிய போட்டிகளை நடத்தி, பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டு, இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஹூஸ்டனின் உள்போட்டி அவ்வளவு கடுமை. அங்கே அணியில் இடம் பிடிப்பது வெளியே போட்டியில் ஜெயிப்பதைவிடக் கஷ்டம் என்று சொல்வார்கள்.

அதே மாநிலத்தில், அதே காலத்தில், டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் கோச் ஹார்வி பெனிக். கோல்ஃப் சொல்லிக்கொடுப்பதில் அமெரிக்கா கண்ட மிகப் பெரிய ஆசிரியர்களில் ஒருவர். பென் கிரென்ஷா, டாம் கைட் இருவரும் சிறுவயதில் அவரிடம் கற்றவர்கள். 1931 முதல் 1963 வரை அந்த அணியின் கோச்சாக இருந்தார், கான்ஃபரன்ஸ் பட்டங்களை அள்ளினார், ஆனால் தேசிய அணிப் பட்டம் ஒன்றுகூட வரவில்லை. கிரென்ஷாவும் கைட்டும் ஆடி 1971, 1972இல் டெக்ஸஸ் ஜெயித்தபோது கோச் வேறொருவர். பெனிக்குக்கு கிளப்பில் சொல்லிக்கொடுக்கும் வேலையே பிரதானம், கல்லூரி வேலை அதற்கு அடுத்துத்தான். அதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் ஸ்விங் தெரிந்த மேதைக்குக் கிடைக்காதது வேதிப்பொறியியல் ஆசிரியருக்குப் பதினாறு முறை கிடைத்தது. கோச்சின் வேலை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பெண்கள் பக்கத்தில் டியூக் பல்கலைக்கழகத்தின் டான் புரூக்ஸைச் சொல்ல வேண்டும். 1984இல் பொறுப்பேற்றார், முதல் தேசியப் பட்டம் 1999இல்தான் வந்தது. பதினைந்து ஆண்டுகள் பொறுத்த ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு இருந்தது. அதன் பிறகு 2019க்குள் மொத்தம் ஏழு. அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் இந்தத் தொழில் வளராது. ஓக்லஹோமா ஸ்டேட்டில் 1940களிலிருந்து இன்றுவரை தலைமை கோச்சாக இருந்தவர்கள் நான்கே பேர்: ஹாரிஸ், ஹோல்டர், மைக் மெக்ரா, ஆலன் பிராட்டன். நான்கு பேரும் தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். மெக்ரா ஹோல்டரிடம் உதவியாளராக இருந்தவர், தலைமைக்கு வந்த முதல் ஆண்டே, 2006இல், பட்டம். பிராட்டன் 1995 பிளே-ஆஃபில் ஆடிய அதே பையன். மேத்யூ உல்ஃப், விக்டர் ஹோவ்லண்ட் இருந்த அணியோடு 2018இல் கார்ஸ்டன் கிரீக்கிலேயே அலபாமாவை 5-0 என்று ஜெயித்தார் (இப்போது இறுதிக் கட்டத்தில் ஸ்கோரைக் கூட்டுவதில்லை, இரு அணியின் ஐவரும் ஒருவருக்கு ஒருவர் ஆடுவார்கள்), 2025இல் மறுபடியும் ஒன்று.

இன்னொரு விஷயமும் உண்டு, இதை அதிகம் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 1995இல் எதிர் அணியில் தோற்ற கேசி மார்ட்டினும் கோச் ஆனார். காலில் பிறவியிலேயே நோய் இருந்ததால், நடக்காமல் வண்டியில் போய் ஆட அனுமதி கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2001இல் ஜெயித்தவர் அவர்தான். ஒரிகான் பல்கலைக்கழக அணியை எடுத்து 2016இல் தேசியப் பட்டம் வாங்கினார், அதுவும் சொந்த ஊரான யூஜீனில். ஆக அந்த ஒரு நாள் மதியம் ஸ்கார்லெட் மைதானத்தில் எதிரெதிராக ஆடிய இரண்டு பேர், இருபது ஆண்டுகள் கழித்து, இரண்டு ஆண்டு இடைவெளியில், சொந்த மண்ணில் சாம்பியன் கோச்சுகள் ஆனார்கள்.

இன்றைய நிலைமை பற்றி ஒரு வார்த்தை, யாராவது பிள்ளையை அனுப்ப யோசிக்கிறார்கள் என்றால் பயன்படும். நெடுங்காலமாக முதல்நிலைக் கல்லூரிகளில் ஆண்கள் கோல்ஃப் அணிக்கு மொத்தமே நாலரை ஸ்காலர்ஷிப்தான், பெண்களுக்கு ஆறு. அந்த நாலரையைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பதே கோச்சுக்குப் பெரிய தலைவலி. 2025-26இலிருந்து, விளையாட்டு வீரர்களுக்குக் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்க வழிசெய்யும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு இல்லை, அதற்குப் பதில் அணியில் ஒன்பது பேருக்கு மேல் வைக்க முடியாது. பணம் கூடியிருக்கிறது, இடம் குறைந்திருக்கிறது. பள்ளியில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன்னால் கோச் நேரடியாகப் பேச விதிகள் அனுமதிப்பதில்லை. பேச ஆரம்பித்ததும் "என் பிள்ளையின் ஸ்விங்கை மாற்றுவீர்களா" என்று கேட்பதைவிட, கடந்த நான்கு ஆண்டுகளில் சேரும்போது அணியில் ஏழாவது எட்டாவதாக இருந்த பையன்கள் கடைசி ஆண்டில் எத்தனையாவது இடத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் சொல்கிற கோச் கிடைத்தால், கூடவே தகுதிச் சுற்றில் ஒருவன் தோற்ற வாரம் அவனோடு அவர் என்ன பேசுவார் என்றும் கேட்டு வையுங்கள்.